4 மாசக் குழந்தைக்கு உதரவிதானத்துல ஓட்டை, கீஹோல் ஆபரேஷன் பண்ணலாமா? கோத்தகிரில இருந்து கேக்குறேன்

கோத்தகிரி_சித்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பையனுக்கு நாலு மாசம் முடிஞ்சிருக்கு. பொறந்தப்ப எந்தப் பிரச்சனையும் இல்ல, நல்லா அழுதான், பால் குடிச்சான், வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் தான் பால் குடிக்கும்போது மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, குடிச்ச கொஞ்ச நேரத்துல கக்கிடுவான், விலாவுக்குக் கீழ குழி விழுற மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விடுவான். இங்க பனியும் மழையும் தெரியும்ல, எல்லாரும் சளின்னு தான் சொன்னாங்க, சிரப் குடுத்தாங்க, நெபுலைசர் வச்சாங்க, ரெண்டு நாள் நல்லா இருப்பான் மறுபடி அதே கதை தான். எடையும் ஏறவே இல்ல.

கடைசியா ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு இடது பக்க நெஞ்சுல குமிழ் குமிழா தெரியுது, இது சளி இல்ல, உடனே கீழ போங்கன்னு சொன்னாரு. கோயம்புத்தூர்ல சிடி எடுத்ததுல உதரவிதானத்துல பொறவிலயே ஓட்டை, அது வழியா குடல் நெஞ்சுக்குள்ள ஏறியிருக்குன்னு சொல்றாங்க. ரிப்போர்ட்ல போக்டாலெக் ஹெர்னியான்னு போட்டிருக்கு. நெஞ்சுல சின்ன சின்ன துளை போட்டு கேமரா வச்சு சரி பண்ணலாம், தேவைப்பட்டா தான் வயித்த தொறப்போம்னு சர்ஜன் சொன்னாரு. இப்ப ஆக்சிஜன் வேண்டியதில்ல, வீட்டுல தான் இருக்கான், அடுத்த வாரம் அட்மிஷன்.

மாமாவுக்கு பயம், இத்தனூண்டு குழந்தைக்கு துளை வழியா கண்ணுக்குத் தெரியாம என்ன பண்ணிட முடியும், தொறந்தே பண்ணிடலாம்ங்கிறாரு. பாட்டி இதெல்லாம் உரம் விழுந்ததுதான்னு சொல்லி சேலைல போட்டு உருட்ட ஒரு அம்மாவ வரச் சொல்லியிருக்காங்க. தாத்தா ஒரு மாசம் தள்ளிப் போடலாம் குழந்தை தேறட்டும்ங்கிறாரு. அக்கா அழுதுட்டே இருக்கா. நான் தான் படிச்ச பொண்ணுன்னு எல்லாரும் என்னைப் பாக்குறாங்க, எனக்கும் ஒண்ணும் புரியல. இந்த மாதிரி குழந்தைகளப் பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ். ஆபரேஷன் முடிஞ்சா எப்ப மேல கூட்டிட்டு வரலாம்னும் தெரியணும்.

குன்னூர்_சிஸ்டர்:

தங்கச்சி, முதல்ல ஒரு விஷயம், மத்தத அப்புறம் படிக்கலாம். உரம் எடுக்குறதுக்கு யாரையும் கிட்ட விடாதீங்க. சேலைல போட்டு உருட்டுறது, தலைகீழா தூக்குறது, வயித்த அமுக்குறது எதுவுமே இந்தக் குழந்தைக்குக் கூடாது. அவன் குடல் ஏற்கனவே நெஞ்சுக்குள்ள இருக்கு, வயித்த அமுக்கினா இன்னும் மேல ஏறும், முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு போயிடும். பாட்டி மனசு நோகும்னு பாக்காதீங்க, எக்ஸ்ரேய அவங்க கையிலயே குடுத்துக் காட்டுங்க. இது குடல், இது இருதயம், பாருங்க இருதயத்தையே வலது பக்கம் தள்ளிடுச்சுன்னு காட்டினா எந்தப் பாட்டியும் ஒத்துக்குவாங்க.

நான் குன்னூர்ல பொறந்து வளந்தவ, கோயம்புத்தூர்ல குழந்தைங்க ஐசியுல ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன். நான் டாக்டர் இல்ல, பாத்ததையும் டாக்டருங்க கிட்ட கத்துக்கிட்டதையும் தான் சொல்றேன்.

உதரவிதானம்ங்கிறது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற தசை. கருவுல அது மூட வேண்டிய நேரத்துல முழுசா மூடாம போனா பின்பக்கமா ஓட்டை விழும், பெரும்பாலும் இடது பக்கம், பத்துல எட்டு குழந்தைக்கு இடது தான். சுமாரா 2,500ல இருந்து 3,000 பிரசவத்துக்கு ஒண்ணுன்னு சொல்லுவாங்க. நிறைய குழந்தைங்களுக்குப் பொறந்த உடனே தெரிஞ்சிடும், ஏன்னா குடல் கருவுலயே மேல ஏறி நுரையீரல வளர விடாம பண்ணிடும், அவங்களுக்கு மூச்சுதான் பெரிய போராட்டம். உங்க பையன் மாதிரி சில மாசம் கழிச்சுத் தெரிய வர்ற குழந்தைங்க கொஞ்ச பேரு தான், ஆனா அவங்க நிலைமை ரொம்ப நல்லது. நுரையீரல் பெரும்பாலும் வளந்திருக்கும், அதனால தான் இத்தனை நாள் ஆக்சிஜன் இல்லாமலே சமாளிச்சிருக்கான். இத அக்கா கிட்ட அழுத்திச் சொல்லுங்க.

மாமா கேட்டதுக்கு வர்றேன். கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, கேமரால டிவி ஸ்க்ரீன்ல பெருசாத் தெரியும், தொறந்து பண்றத விட ஓட்டையோட விளிம்பு தெளிவாவே தெரியும்னு எங்க சர்ஜன் சொல்லுவாரு. குழந்தைய வலது பக்கமா படுக்க வச்சு, விலா எலும்பு நடுவுல பெரும்பாலும் மூணு துளை, ஒவ்வொண்ணும் 3 மில்லிமீட்டர் இல்லேன்னா 5 மில்லிமீட்டர். நெஞ்சுக்குள்ள கொஞ்சமா கார்பன் டை ஆக்சைடு வாயு விடுவாங்க, ரொம்பக் கம்மி அழுத்தத்துல, அந்த அழுத்தமே குடல மெதுவா வயித்துக்குத் தள்ள உதவி பண்ணும். அப்புறம் மண்ணீரல் இருந்தா அதையும் பாத்து பாத்து கீழ இறக்கிட்டு, ஓட்டைய கரையாத நூல்ல தைப்பாங்க. ஓட்டை பெருசா இருந்து இழுத்துத் தைக்க முடியலேன்னா கோர்டெக்ஸ்ங்கிற செயற்கைத் துணி மாதிரி ஒரு பேட்ச் வச்சு தைப்பாங்க.

நல்லது என்னன்னா வலி கம்மி, வென்டிலேட்டர்ல இருந்து சீக்கிரம் வெளிய வருவாங்க, தழும்பு கம்மி, பின்னாடி வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டு குடல் அடைப்பு வர்ற வாய்ப்பும் கம்மி. கெட்டதையும் மறைக்காம சொல்லணும். கீஹோல்ல பண்ணினா அந்த ஓட்டை மறுபடி திறந்துக்கிற வாய்ப்பு தொறந்து பண்றத விட அதிகம்னு நிறைய ஆராய்ச்சில வந்திருக்கு. இன்னொண்ணு, உள்ள விடுற வாயு ரத்தத்துல ஏறி ரத்தம் அமிலமா மாறலாம், அது பொறந்த பச்சைக் குழந்தைக்கு, அதுலயும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் அதிகமா இருக்குற குழந்தைக்கு ஆபத்து. அதனால தான் ஆள் பாத்து பண்ணுவாங்க. மூச்சு நிலையா இருக்கணும், கல்லீரல் மேல ஏறியிருக்கக் கூடாது, ஓட்டை ரொம்பப் பெருசா இருக்கக் கூடாது. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க பையன் அந்தக் கணக்குல சரியா வர்றான், சர்ஜன் சும்மா சொல்லியிருக்க மாட்டாரு. நடுவுல சரி வரலேன்னா தொறந்து பண்ணுவோம்னு முன்னாடியே சொல்றாரு பாருங்க, அது நல்ல சர்ஜன்கிறதுக்கு அடையாளம். தொறந்து பண்ண வேண்டி வந்தா அத தோல்வின்னு எடுத்துக்காதீங்க.

சர்ஜன் கிட்ட தைரியமா கேளுங்க, இந்த வயசுக் குழந்தைகளுக்கு நீங்க இத அடிக்கடி பண்ணுவீங்களா, மயக்க மருந்து டாக்டர் சின்னக் குழந்தைங்க கேஸ் பாக்குறவரா, முடிஞ்சதும் வச்சுப் பாக்க குழந்தைங்க ஐசியு உங்க கிட்டயே இருக்கான்னு. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. குடல் திரும்பியிருக்கா, அதுக்குத் தனியா ஏதாவது பண்ணணுமான்னும் கேளுங்க, இந்தக் குழந்தைகளுக்கு குடல் வயித்துல இருக்க வேண்டிய முறைல இருக்காது, நெஞ்சு வழியா பண்ணும்போது அத சரி பண்ண முடியாது.

தாத்தா சொல்ற மாதிரி ஒரு மாசம் எல்லாம் தள்ளாதீங்க. இரைப்பையோ குடலோ அந்த ஓட்டைல மாட்டி முறுக்கினா அது எமர்ஜென்சி, கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியும், ராத்திரி மழைல குஞ்சப்பனை ரோட்டுல மரம் விழுந்தா என்ன பண்ணுவீங்க. முடிஞ்சா அட்மிஷன் வரைக்கும் கீழ சொந்தக்காரங்க வீட்டுலயே இருங்க. பச்சை நிறத்துல வாந்தி எடுத்தா, பால் குடிக்கவே மாட்டேன்னு சுருண்டா, திடீர்னு மூச்சு அதிகமானா, உதடு நீலமானா 108 கூப்பிடுங்க, கூப்பிடும்போதே உதரவிதான ஹெர்னியான்னு சொல்லுங்க. மாஸ்க் வச்சு பலூன் அமுக்கி காத்து குடுத்தா காத்து இரைப்பைக்கும் போகும், நெஞ்சுக்குள்ள இருக்குற குடல் ஊதி நுரையீரல இன்னும் நெருக்கிடும், வர்றவங்களுக்கு இது முன்னாடியே தெரியணும்.

அரவேணு_அண்ணன்:

சிஸ்டர் எல்லாம் சொல்லிட்டாங்க. காசு விஷயம் மட்டும் நான் சொல்றேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருக்கான்னு பாருங்கம்மா. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா வாங்கலாம், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். இல்லேன்னா விஏஓ கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போகணும், ஊட்டிக்கு ஒரு நாள் அலைச்சல். குழந்தை பேரு ரேஷன் கார்டுல இன்னும் ஏறலேன்னா பிறப்புச் சான்றிதழ எடுத்துட்டு ஆஸ்பத்திரில இருக்குற காப்பீட்டுக் கவுன்டர்ல அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரிலயும் குழந்தைங்க அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு, தனியார்ல கட்ட முடியலேன்னு யாரும் ஆபரேஷனையே விட்டுடாதீங்க.

ஊட்டி_அம்மா:

உங்க அக்காவுக்காக எழுதுறேன். என் பொண்ணுக்கும் இதே நோய் தான், ஆனா எங்களுக்கு அஞ்சாம் மாச ஸ்கேன்லயே தெரிஞ்சிடுச்சு, இருதயத்துக்குப் பக்கத்துல இரைப்பை தெரியுதுன்னு ஸ்கேன் டாக்டர் சொன்னப்ப எனக்கு கை கால் ஓடல. கீழ பெரிய ஆஸ்பத்திரில தான் பிரசவம் பாக்கணும், ஊட்டில பண்ணிட்டு குழந்தைய ஆம்புலன்ஸ்ல இறக்குறது வேண்டாம், வயித்துல இருக்கும்போதே அம்மாவோட சேத்து கொண்டு போறது தான் பாதுகாப்புன்னு சொன்னாங்க. அது எவ்வளவு சரின்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. பொறந்ததும் அவ வயிறு ஒட்டிப் போய் குழிவா இருந்துச்சு, நெஞ்சு மட்டும் உப்பி இருந்துச்சு. அழ விடாம உடனே தொண்டைல குழாய் போட்டு, மூக்கு வழியா இரைப்பைக்கு இன்னொரு குழாய் போட்டு காத்த உறிஞ்சி எடுத்தாங்க.

நானும் அப்ப கீஹோல் கீஹோல்னு கேட்டுட்டே இருந்தேன். டாக்டர் பொறுமையா சொன்னாரு, அம்மா ஓட்டைய அடைக்கிறது இன்னைக்கோ நாளைக்கோ பண்ற அவசரம் இல்ல, முதல்ல நுரையீரல் அழுத்தம் இறங்கணும்னு. நைட்ரிக் ஆக்சைடு வாயு குடுத்தாங்க, வென்டிலேட்டர மென்மையா வச்சாங்க, அழுத்தம் அடங்கின பிறகு தான் ஆபரேஷன். அவளுக்குக் கல்லீரலும் மேல இருந்துச்சு, ஓட்டையும் பெருசு, அதனால வயித்தத் தொறந்து பேட்ச் வச்சாங்க. இப்ப ஸ்கூலுக்குப் போறா, தழும்பு வயித்துல குறுக்கால பெருசா தான் இருக்கு, எனக்கு அதப் பாத்தா நன்றி தான் வருது. அதனால உங்க மாமா கிட்ட சொல்லுங்க, எந்த வழின்னு சண்டை போட வேண்டாம், குழந்தை நிலைக்கு எது சரியோ அத சர்ஜன் முடிவு பண்ணட்டும். என் பொண்ணுக்கு கீஹோல் தப்பு, உங்க பையனுக்கு அதுவே சரியா இருக்கலாம்.

கர்ப்பமா இருக்குறவங்க யாராவது இதப் படிச்சா அவங்களுக்காக, வயித்துலயே குழந்தையோட மூச்சுக்குழாய்ல பலூன் வைக்கிற சிகிச்சை ஒண்ணு இருக்கு. ரொம்ப மோசமான நிலைல இருக்குற இடது பக்க ஹெர்னியாவுக்கு அதப் பண்ணினதுல வீட்டுக்குப் போன குழந்தைங்க 15 சதவீதத்துல இருந்து 40 சதவீதமா கூடினாங்கன்னு 2021ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. ஆனா பனிக்குடம் சீக்கிரம் உடையறது, குறைமாசப் பிரசவம் ஆகுறது அதுல அதிகம், எல்லா ஊர்லயும் பண்றதும் இல்ல. எங்களுக்கு அந்த அளவுக்கு மோசம் இல்லாததால வேண்டாம்னுட்டாங்க.

மேல எப்ப வரலாம்னு கேட்டீங்கள்ல, இதப் பத்தி யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நீங்க தான் கேக்கணும். கீழ இருக்குற டாக்டருக்கு நம்ம ஊரு பேப்பர்ல ஒரு அட்ரஸ் மட்டும் தான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க காத்தழுத்தம் சமவெளில இருக்குறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல தான், மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜனும் அதே கணக்குல கம்மி. ஆக்சிஜன் குறைஞ்சா நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும், ஏற்கனவே அந்த அழுத்தத்தோட போராடுன குழந்தைக்கு அது சின்ன விஷயம் இல்ல. நாங்க மேட்டுப்பாளையத்துல சித்தப்பா வீட்டுலயே தங்கி, எக்கோங்கிற இருதய ஸ்கேன்ல அழுத்தம் நார்மல்னு வந்த பிறகு தான் ஏறினோம். ஏறின பிறகும் தூங்கும்போது விரல்ல ஆக்சிமீட்டர் வச்சுப் பாக்கச் சொன்னாங்க. இங்க நல்லா இருக்குற ஆளுக்கே கீழ காட்டுறத விட கொஞ்சம் கம்மியா தான் காட்டும், அதனால எந்த நம்பர் வரைக்கும் பயப்பட வேண்டாம்னு டாக்டர் கிட்டயே எழுதி வாங்கிக்கோங்க.

கொடை_பாண்டி:

நாங்க கொடைக்கானல். என் மகனுக்கு ஓட்டை இல்ல, ஆனா உதரவிதானம் தான் பிரச்சனை, அதனால சொல்றேன். பெரிய குழந்தை, பிரசவத்துல தோள் மாட்டிக்கிருச்சு, இழுத்து எடுத்ததுல கழுத்து நரம்பு அடிபட்டு வலது கை தூக்கவே இல்ல. கைய தான் எல்லாரும் பாத்தாய்ங்க, மூச்சு வேகமா இருக்குறத யாரும் சேத்துப் பாக்கல. ஒரு ஆஸ்பத்திரில எக்ஸ்ரேல வலது பக்கம் வெள்ளையா இருக்கு, நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு, ட்யூப் போடணும்னு ரெடி ஆயிட்டாய்ங்க. அங்க இருந்த ஒரு சின்ன டாக்டரம்மா தான் முதல்ல அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாத்துருவோம்னு பிடிவாதமா நின்னுச்சு. பாத்தா தண்ணியே இல்ல, கல்லீரல். உதரவிதானம் செயலிழந்து மேல ஏறி நிக்கிது, மூச்சு இழுக்கும்போது கீழ இறங்க வேண்டியது மேல போகுது. ட்யூப் போட்டிருந்தா கல்லீரல்ல குத்தியிருக்கும். அந்தப் புள்ள எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

நரம்பு தானா சரியாகுமான்னு கொஞ்ச வாரம் பொறுத்துப் பாத்தாக, கை தேறிருச்சு, உதரவிதானம் தேறல, ஆக்சிஜன விட முடியல. அப்புறம் மதுரைல கீஹோல்ல தான் பண்ணுனாக. தொளதொளன்னு மேல ஏறி நிக்கிற அந்தத் தசைய புடவைக் கொசுவம் மாதிரி மடிச்சு மடிச்சு தைச்சு இறுக்கமாக்கி கீழ இறக்கிருவாக, ஓட்டை அடைக்கிற வேலை இல்ல. முடிஞ்சு ரெண்டாம் நாளே ஆக்சிஜன எடுத்துட்டாக, எங்களால நம்பவே முடியல. பொறவிலயே தசை மெலிஞ்சு போய் மேல ஏறுற குழந்தைகளுக்கும் இதே தையல் தானாம். மாமா கிட்ட சொல்லுங்க, மூணு துளையும் இப்ப தேடிப் பாத்தா தான் தெரியும்.

மலைப் பாதைக்கு ஒரு விஷயம். வத்தலக்குண்டு ரோட்டுல ஏறும்போது நாங்க வயிறு முட்ட பால் குடுத்து ஏத்திட்டு பெருமாள்மலை வர்றதுக்குள்ள முழுசா வாந்தி, புரையேறி பயந்துட்டோம். கொஞ்சமா குடுத்து, ஏப்பம் எடுத்து, பொறுத்து வண்டி எடுங்க, நடு நடுவுல நிப்பாட்டி குடுங்க.

கோத்தகிரி_சித்தி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. எல்லாத்தையும் வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டினேன். பாட்டி எக்ஸ்ரேய ஜன்னல் வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்துட்டு அந்த அம்மாவுக்கு அவங்களே ஃபோன் பண்ணி வர வேண்டாம்னுட்டாங்க. நேத்து காரமடைல அத்தை வீட்டுக்கு வந்துட்டோம். சர்ஜன் கிட்ட சிஸ்டர் சொன்னதெல்லாம் கேட்டேன், எக்கோ எடுத்தாச்சு, அழுத்தம் நார்மல்னு சொன்னாரு, வீடு கோத்தகிரின்னு சொன்னதும் இது முக்கியம்னு கேஸ் ஷீட்ல எழுதிக்கிட்டாரு. மாமா இப்ப கீஹோலுக்கு சரின்னுட்டாரு. அக்கா கேக்கச் சொன்னா, முடிஞ்ச பிறகு பால் எப்ப குடுக்கலாம், பின்னாடி எத எதப் பாத்துக்கணும்?

குன்னூர்_சிஸ்டர்:

ரொம்ப சந்தோஷம்டா. குடல் அசைய ஆரம்பிச்சதும் குழாய் வழியா சொட்டு சொட்டா பால் ஆரம்பிப்பாங்க, அக்காவ தாய்ப்பால் எடுத்து வச்சுட்டே இருக்கச் சொல்லுங்க, நேரம் தவறாம எடுத்தா தான் சுரப்பு நிக்காது. ஆஸ்பத்திரில பம்ப் இருக்கும், கேட்டு வாங்குங்க. எதுக்களிக்கிறது இந்தக் குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் இருக்கும், அதுக்கு மருந்து குடுப்பாங்க, எடை ஏறுதான்னு தான் பாக்கணும்.

கீழ இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னு பாருங்க. நெஞ்சுல காத்து எங்கயாவது தேங்கி நின்னா மேல ஏற ஏற அது விரியும், அது இல்லேன்னு டாக்டர் பாத்து சொன்ன பிறகு ஏறுங்க. எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாது, அவன் பால் குடிக்கிறதையும் எக்ஸ்ரேயையும் வச்சு அவர் தான் சொல்லணும்.

ஓட்டை மறுபடி திறந்துக்கிறது முதல் ரெண்டு வருஷத்துல தான் அதிகம் பாக்குறோம், சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாம எக்ஸ்ரேல தான் தெரியும். நல்லா ஓடி ஆடுறானேன்னு ரிவ்யூவுக்குப் போகாம விட்டுடாதீங்க, தேயிலை சீசன்ல லீவு கிடைக்காதுன்னு மாமா சொன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க. தடுப்பூசி எல்லாம் தேதிப்படி போடணும், சளி ஃப்ளூ காலத்துக்கான ஊசி பத்தியும் கேளுங்க. பச்சை வாந்தி எடுத்தா எத்தனை வயசானாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, குடல் திரும்பியிருக்குற விஷயம் முன்னாடியே சொன்னேன்ல, அதுக்காக.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷனுக்கு முன்ன பின்ன எடுத்த எக்ஸ்ரேயையும் ஃபோட்டோ எடுத்து அக்கா, மாமா, நீங்க மூணு பேர் ஃபோன்லயும் வச்சுக்கோங்க. கோத்தகிரில எந்த டாக்டர் கிட்டப் போனாலும் சளின்னு வாயில சொல்றதுக்கு முன்னாடி அதக் காட்டுங்க. ஆபரேஷன் அன்னைக்கு நைட் ட்யூட்டில இருப்பேன், ஏதாவது கேக்கணும்னா இங்கயே எழுதுங்க, பிரேக்ல பாத்துடுவேன்.